நிலம் வாங்குமுன் பத்திரம் பாருங்கள். வாங்கியபின் பத்திரம் பேணுங்கள்

விதை வாங்கும்போது முளைப்புத் திறன் என்ன என்று கேட்கிறோம். மாடு வாங்கும்போது பல்லைப் பிடித்துப் பார்க்கிறோம், சுழி பார்க்கிறோம், பால் கறந்து பார்க்கிறோம். ஆனால் வாழ்நாள் சேமிப்பு முழுவதையும் கொட்டி நிலம் வாங்கும்போது மட்டும், "நல்ல இடம், நல்ல மனிதர், பத்திரமெல்லாம் சரியாக இருக்கிறது" என்ற தரகரின் ஒரு சொல்லை நம்பி முன்பணத்தைக் கொடுத்துவிடுகிறோம். மாடு சரியில்லை என்றால் அடுத்த சந்தையில் விற்றுவிடலாம். நிலத்தின் உரிமை சரியில்லை என்றால், மகன் காலத்திலும் நீதிமன்றத்துக்கு நடக்க வேண்டியிருக்கும்.

தென்காசி 2019ஆம் ஆண்டு நவம்பர் 22இல் தனி மாவட்டமாயிற்று. தென்காசி, குற்றாலம், இலஞ்சி, மேலகரம், வல்லம், பண்பொழி ஆகிய ஊர்ப் பக்கங்களில் வயலுக்காக நிலம் தேடுவோரும், வீட்டுமனைக்காகவும் விடுதிக்காகவும் நிலம் தேடுவோரும் ஒரே நிலத்தைக் கேட்டு நிற்பது உண்டு. "இன்று முன்பணம் கொடுக்காவிட்டால் நாளைக்கு வேறு ஆள் வந்துவிடுவார்" என்ற அவசரத்தில்தான் சிறு விவசாயி ஏமாறுகிறார். ஆகவே, பணம் கை மாறும் முன்பு பார்க்க வேண்டியவை எவை, வாங்கிய பிறகு பாதுகாக்க வேண்டியவை எவை என்பதை வரிசையாகக் காண்போம்.

பதிவு செய்தால் போதுமா?

நூறு ரூபாயும் அதற்கு மேலும் மதிப்புள்ள நிலத்தை விற்கும்போது, 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டப்படியும் 1908ஆம் ஆண்டின் பதிவுச் சட்டப்படியும் கிரயப் பத்திரத்தைக் கட்டாயம் பதிவு செய்ய வேண்டும். இது பெரும்பாலான விவசாயிகள் அறிந்ததே. ஆனால் பதிவு செய்துவிட்டால் நிலம் நமக்கு உறுதியாகிவிட்டது என்று எண்ணுவது தவறு.

எழுதிக் கொடுப்பவரும் எழுதி வாங்குபவரும் இன்னார், அவர்கள் பத்திரத்தை ஒப்புக்கொண்டார்கள், உரிய முத்திரைத் தீர்வை செலுத்தப்பட்டது என்பதற்குத்தான் பதிவு ஆதாரம். விற்பவருக்கு அந்த நிலத்தில் முழுப் பாத்தியதை உண்டு என்பதற்கு அது உத்தரவாதம் ஆகாது. விற்றவரிடம் என்ன உரிமை இருந்ததோ, அது மட்டுமே வாங்கியவருக்கு வந்து சேரும். இந்த ஒரு விதியை மனத்தில் நிறுத்திக்கொண்டால் மற்றவை எல்லாம் எளிதில் விளங்கும்.

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். ஒரு விவசாயி தம் சுய சம்பாத்தியத்தில் வாங்கிய 1 ஏக்கர் நிலத்தை விட்டு, உயில் எழுதாமல் இறந்துபோனார். அவருக்கு மனைவியும், இரண்டு மகன்களும், இரண்டு மகள்களும் இருக்கிறார்கள். மகள்கள் திருமணமாகி வெளியூரில் வசிக்கிறார்கள். பட்டா மூத்த மகன் பெயரில் மட்டும் இருக்கிறது. அவர் பட்டாவைக் காட்டி ஏக்கர் முழுவதையும் நமக்குக் கிரயம் செய்கிறார். பத்திரமும் பதிவாகிவிடுகிறது. ஆனால் 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி தாயாருக்கும் நான்கு பிள்ளைகளுக்கும் ஆளுக்கு ஐந்தில் ஒரு பங்கு உண்டு. மூத்தவரிடம் இருந்த உரிமை 20 சென்ட்டுக்குத்தான். நாம் கொடுத்த பணமோ 100 சென்ட்டுக்கு. தங்கைமார் வழக்குப் போட்டால் மீதி 80 சென்ட்டுக்கு நாம் பதில் சொல்ல முடியாது. விற்றவரிடம் பணத்தைத் திருப்பிக் கேட்கலாம்; ஆனால் அவர் அதற்குள் அதைச் செலவழித்திருப்பார்.

மூலப் பத்திரம்: 30 ஆண்டுத் தொடர்

முதலில் கேட்க வேண்டியது, விற்பவர் பெயரில் உள்ள பத்திரம். அடுத்து, அவருக்கு விற்றவரின் பத்திரம். அதற்கும் முந்திய பத்திரம். இப்படிக் குறைந்தது 30 ஆண்டுகளுக்குச் சங்கிலிபோல் தொடர் அறுபடாமல் வர வேண்டும். இதில் கிரயம், பாகப்பிரிவினை, தான செட்டில்மெண்ட், விடுதலைப் பத்திரம், உயில், நீதிமன்றத் தீர்ப்பு எதுவாகவும் இருக்கலாம். ஆனால் ஒருவர் கையிலிருந்து அடுத்தவர் கைக்கு நிலம் எப்படிப் போயிற்று என்பதற்கு ஒவ்வொரு படியிலும் ஓர் ஆவணம் இருக்க வேண்டும்.

ஏன் 30 ஆண்டு? 1963ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டப்படி, அடமானம் வைத்த நிலத்தை மீட்க வழக்குத் தொடர 30 ஆண்டுக் கெடு உண்டு. அரசு தன் உரிமைக்காக வழக்குத் தொடரவும் 30 ஆண்டுக் கெடுவே. நம் பக்கத்தில் ஒத்திக்கு விடும் பழக்கம் அதிகம். பாட்டன் காலத்து ஒத்தி ஒன்று தீராமல் கிடந்தால், பேரன் வந்து கேட்க இடமுண்டு.

பார்க்க வேண்டியது அசல் பத்திரத்தையே. ஜெராக்ஸ் நகலைப் பார்த்து முடிவு செய்யக் கூடாது. "அசல் தொலைந்துவிட்டது", "அண்ணனிடம் இருக்கிறது" என்று சொன்னால், அது ஏதேனும் வங்கியிலோ வட்டிக்கடையிலோ அடமானமாக இருக்கலாம் என்று ஐயப்பட வேண்டும். அசலைக் காட்டினாலும், சார்பதிவாளர் அலுவலகத்தில் அதே பத்திரத்துக்குச் சான்றிட்ட நகல் ஒன்று பெற்று, இரண்டையும் வரி வரியாக ஒப்பிட்டுப் பார்த்தல் நலம். போலிப் பத்திரம் இந்த இடத்தில் அகப்பட்டுக்கொள்ளும்.

செங்கோட்டைப் பக்கத்து நிலங்களுக்கு ஒரு தனி எச்சரிக்கை தேவை. செங்கோட்டை 1956ஆம் ஆண்டு நவம்பர் 1இல்தான் திருவிதாங்கூர்–கொச்சி ராஜ்யத்திலிருந்து பிரிந்து சென்னை ராஜ்யத்துடன் இணைந்தது. அதற்கு முந்திய பத்திரங்கள் திருவிதாங்கூர் முத்திரைத்தாளில் இருக்கும். மலையாளத்தில் இருக்கவும் கூடும். தேதி கொல்லம் ஆண்டில் இருக்கும். ஆவணி முதல் டிசம்பர் முடிய உள்ள தேதியானால் கொல்லம் ஆண்டுடன் 824ஐயும், ஜனவரி முதல் ஆடி முடிய உள்ள தேதியானால் 825ஐயும் கூட்டினால் ஆங்கில ஆண்டு கிடைக்கும். கொல்லம் 1120 ஆவணி என்றால் 1944 ஆகஸ்ட்–செப்டம்பர். இத்தகைய பத்திரத்தை மலையாளம் தெரிந்த வழக்கறிஞரிடம் காட்டி, தமிழில் எழுதி வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும்.

பழைய பத்திரங்களில் பரப்பளவு கோட்டை விதைப்பாடு, மரக்கால் விதைப்பாடு என்று எழுதப்பட்டிருப்பதும் உண்டு. அந்தக் கணக்கை மட்டும் நம்பாமல், சர்வே எண்ணையும் நான்கு எல்லைகளையும் கொண்டு இன்றைய அளவை உறுதி செய்ய வேண்டும்.

வில்லங்கச் சான்று

நிலத்தின் மீது பதிவான கிரயம், அடமானம், ஒத்தி, பாகப்பிரிவினை முதலியவற்றைக் காட்டுவது வில்லங்கச் சான்று. பதிவுத் துறையின் இணையதளத்தில் அண்மை ஆண்டுகளின் விவரங்களைக் கட்டணமின்றிப் பார்க்கலாம். இ–சேவை மையங்களிலும் உதவுவார்கள். பழைய ஆண்டுகளுக்குச் சார்பதிவாளர் அலுவலகத்தில் விண்ணப்பிக்க வேண்டும். இதில் மூன்று இடங்களில் தவறு நேர்கிறது.

முதலாவது, உட்பிரிவு எண். இன்று நிலம் 212/3பி என்று இருக்கலாம். பத்து ஆண்டுகளுக்கு முன் அது பிரிக்கப்படாமல் 212/3 என்று இருந்திருக்கும். 212/3பி என்று மட்டும் தேடினால், பழைய அடமானம் கண்ணில் படாமல் "வில்லங்கம் இல்லை" என்றே வரும். எனவே இப்போதைய எண், உட்பிரிவுக்கு முந்திய எண், மறு நில அளவைக்கு முந்திய பழைய எண் ஆகிய எல்லாவற்றுக்கும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

இரண்டாவது, அலுவலக எல்லை. கிராமங்கள் ஒரு சார்பதிவாளர் அலுவலகத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றப்படுவது உண்டு. மாற்றத்துக்கு முந்திய காலத்துக்குப் பழைய அலுவலகத்தின் பதிவுகளும் தேடப்பட்டனவா என்று விசாரிக்க வேண்டும்.

மூன்றாவது, சான்றில் வராதவை. கைச்சீட்டுக் கடன், பதிவு செய்யாத ஒப்பந்தம், வாய்மொழிப் பாகப்பிரிவினை, உயில், பதிவாகாத நீதிமன்ற வழக்கு ஆகியவை வில்லங்கச் சான்றில் தெரியா. இவற்றை ஊரில் நாலு பேரிடம் விசாரித்துத்தான் அறிய முடியும். பக்கத்து வயல்காரரைவிடச் சிறந்த சான்று வேறில்லை. "இந்த நிலத்தில் யாருக்கும் தகராறு உண்டா?" என்று அவரிடம் நேரில் கேட்க வெட்கப்பட வேண்டியதில்லை.

வருவாய்த் துறைக் கணக்குகள்

பட்டா, சிட்டா, அடங்கல், அ–பதிவேடு, புல வரைபடம் ஆகிய ஐந்தையும் பார்க்க வேண்டும். பட்டா, சிட்டா, அ–பதிவேடு விவரங்களை வருவாய்த் துறையின் இணையதளத்திலேயே பார்த்துக்கொள்ளலாம்.

பட்டா என்பது தீர்வை செலுத்த வேண்டியவர் யார் என்று காட்டும் கணக்கு. அது மட்டுமே உரிமைப் பத்திரம் ஆகாது. 1980களில் நடந்த நில உடைமை மேம்பாட்டுத் திட்டத்தின்போது, பங்காளிகள் பலர் இருக்க ஒருவர் பெயரில் மட்டும் பட்டா ஏறிவிட்ட இடங்கள் உண்டு. ஒருவர் நிலம் பக்கத்தவர் கணக்கில் ஏறிய இடங்களும் உண்டு. எனவே பட்டா ஒருவர் பெயரில் இருக்கிறது என்பதற்காக அவரே முழு உடைமையாளர் என்று கொள்ளக் கூடாது. கூட்டுப் பட்டாவாக இருந்தால், அதில் உள்ள அத்தனை பேரையும் விசாரிக்க வேண்டும்.

அடங்கல், எந்தப் பசலியில் யார் என்ன பயிர் செய்தார் என்று சொல்லும். பசலி ஆண்டு ஜூலை முதல் தேதி தொடங்கி ஜூன் முடிய உள்ளது. பசலியுடன் 590 கூட்டினால் அது தொடங்கிய ஆங்கில ஆண்டு வரும். பசலி 1395 என்றால் 1985 ஜூலை முதல் 1986 ஜூன் வரை. குறைந்தது மூன்று பசலிகளின் அடங்கலைப் பாருங்கள். விற்பவர் அல்லாத வேறொருவர் பெயர் சாகுபடியாளர் என்று இருந்தால், அவர் குத்தகைதாரராக இருக்கலாம். 1955ஆம் ஆண்டின் சாகுபடிக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம் அவருக்குப் பாதுகாப்பு அளிக்கிறது. நிலத்தை வாங்கிய பிறகு அவரை நினைத்தவுடன் இறக்கிவிட முடியாது.

அ–பதிவேடு நிலத்தின் வகையைச் சொல்லும்: நஞ்சையா, புஞ்சையா, அரசுப் புறம்போக்கா என்பது அதில் தெரியும். புல வரைபடம் நிலத்தின் வடிவத்தையும் அளவுகளையும் காட்டும். அதை வைத்துக்கொண்டு நில அளவரைக் கொண்டு அளந்து, எல்லைக் கற்கள் இருக்கும் இடத்தை உறுதி செய்வது உத்தமம்.

பரப்பளவிலும் கவனம் தேவை. ஊரில் ஏக்கர், சென்ட் என்று பேசுகிறோம். பட்டாவில் ஹெக்டேர், ஏர் என்று இருக்கிறது. 1 ஏர் என்பது 2.47 சென்ட். 40½ ஏர் ஏறக்குறைய 1 ஏக்கர். விற்பவர் "ஓர் ஏக்கர்" என்கிறார், பட்டாவில் 0.37.0 ஹெக்டேர் என்று இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 37 ஏரை 2.47ஆல் பெருக்கினால் சுமார் 91½ சென்ட்தான் வரும். சென்ட் 10,000 ரூபாய் விலை பேசியிருந்தால், இல்லாத 8½ சென்ட்டுக்கு 85,000 ரூபாய் கொடுத்திருப்போம். இந்த ஒரு பெருக்கலைச் செய்ய ஐந்து நிமிடம் போதும்.

யார் யார் கையெழுத்து வேண்டும்?

நிலம் இறந்தவர் வழியாக வந்ததானால், இறப்புச் சான்றும் வட்டாட்சியர் வழங்கிய வாரிசுச் சான்றும் கேட்டு வாங்க வேண்டும். அதில் உள்ள அத்தனை வாரிசுகளும் பத்திரத்தில் கையெழுத்திட வேண்டும். அல்லது விற்பவருக்கு விடுதலைப் பத்திரம் எழுதிப் பதிவு செய்து கொடுத்திருக்க வேண்டும்.

"பெண்பிள்ளைகளுக்குச் சீர் செய்து அனுப்பிவிட்டோம், அவர்களுக்குப் பங்கில்லை" என்ற பேச்சு சட்டத்தின் முன் நிற்காது. தந்தையின் சுய சம்பாத்தியத்தில் மகளுக்கு 1956 முதலே பங்கு உண்டு. பூர்வீகச் சொத்தில், 1989ஆம் ஆண்டு மார்ச் 25 முதல் தமிழ்நாட்டுச் சட்டம் அந்நாளில் திருமணமாகாதிருந்த மகள்களுக்குப் பங்கு தந்தது. 2005ஆம் ஆண்டு செப்டம்பர் 9 முதல் மத்தியச் சட்டம் திருமணமான மகள்களுக்கும் மகனுக்குச் சமமான பிறப்புரிமையை அளித்தது. 2020ஆம் ஆண்டு ஆகஸ்ட் 11இல், 2005இல் தந்தை உயிரோடு இருந்திருக்க வேண்டும் என்ற அவசியம் இல்லை என்று உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்திவிட்டது. எனவே சகோதரிகளின் கையெழுத்து இல்லாத பத்திரத்தை வாங்குவது, வழக்கை விலை கொடுத்து வாங்குவதாகும்.

மைனர் பிள்ளைக்குப் பங்கு இருந்தால், தகப்பனோ தாயோ தம் விருப்பப்படி அதை விற்க முடியாது. 1956ஆம் ஆண்டின் இந்து இளவர் மற்றும் காப்பாளர் சட்டப்படி நீதிமன்ற அனுமதி வேண்டும். அனுமதியின்றி விற்றிருந்தால், பிள்ளை 18 வயதை அடைந்த பிறகு 3 ஆண்டுகளுக்குள் அந்தக் கிரயத்தைச் செல்லாதெனக் கேட்கலாம்.

வெளியூரிலோ வெளிநாட்டிலோ இருப்பவருக்காக அதிகாரப் பத்திரம் வைத்திருப்பவர் விற்க வந்தால், அந்த அதிகாரம் பதிவானதா, ரத்தாகாமல் இருக்கிறதா, எழுதிக் கொடுத்தவர் உயிரோடு இருக்கிறாரா என்பதை நேரில் பேசி உறுதி செய்ய வேண்டும். எழுதிக் கொடுத்தவர் இறந்தால் சாதாரணமாக அந்த அதிகாரமும் முடிந்துபோகும். கிரயப் பத்திரம் இல்லாமல், அதிகாரப் பத்திரமும் ஒப்பந்தமும் மட்டும் எழுதி நிலத்தைக் "கொடுப்பது" விற்பனை ஆகாது என்று உச்ச நீதிமன்றம் 2011ஆம் ஆண்டில் சூரஜ் லாம்ப் வழக்கில் தீர்ப்பளித்துள்ளது. முத்திரைச் செலவை மிச்சப்படுத்துவதாகச் சொல்லி இவ்வழியைக் காட்டுவோரிடம் எச்சரிக்கையாக இருக்க வேண்டும்.

விற்க முடியாத நிலங்கள்

விலை மலிவாக இருக்கிறது என்றால் காரணம் என்ன என்று கேட்க வேண்டும். கீழ்க்கண்டவற்றைப் பொறுத்தவரை மிகவும் எச்சரிக்கை தேவை.

1. கோயில், மடம், அறக்கட்டளை நிலங்கள். பழைமையான கோயில்கள் நிறைந்த இவ்வட்டாரத்தில் இது முக்கியம். 1959ஆம் ஆண்டின் இந்து சமய அறநிலையச் சட்டப்படி ஆணையரின் அனுமதியின்றி இத்தகைய நிலத்தை விற்றால் அது செல்லாது. மூலப் பத்திரத்தில் இனாம், கட்டளை, தேவதானம், ஊழியம் என்ற சொற்கள் வந்தால் நின்று விசாரிக்க வேண்டும்.

2. ஆதிதிராவிட மக்களுக்கென 1892 முதல் அரசு வழங்கிய பஞ்சமி நிலங்களும், நிலமற்றோருக்கு அளித்த நிபந்தனைப் பட்டா நிலங்களும். நிபந்தனையை மீறி வாங்கினால் அரசு திரும்ப எடுத்துக்கொள்ளலாம். இது சட்டச் சிக்கல் மட்டுமன்று. ஏழை ஒருவரின் நிலத்தைப் பறிப்பதுமாகும்.

3. பூதான நிலங்கள். இவை 1958ஆம் ஆண்டின் பூதான யக்ஞச் சட்டத்துக்கு உட்பட்டவை.

4. குளம், ஓடை, வாய்க்கால் புறம்போக்கு. குளத்தை ஒட்டிய வயலில் ஒரு பகுதி குளத்து நிலமாக இருக்கலாம். எத்தனை தலைமுறையாகப் பயிரிட்டாலும் அது பட்டா நிலம் ஆகாது. குளங்களின் ஆக்கிரமிப்பை அகற்ற 2007ஆம் ஆண்டில் தனிச் சட்டமே வந்திருக்கிறது.

5. மலையடிவாரத் தனியார் காடுகள். குற்றாலம் மலைச்சரிவுப் பக்கத்தில் நிலம் வாங்குவோர், அது 1949ஆம் ஆண்டின் தனியார் காடுகள் பாதுகாப்புச் சட்டத்தில் அடங்கியதா, காப்புக்காட்டு எல்லைக்குள் வருகிறதா என்று வனத்துறையிலும் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்திலும் எழுத்து மூலம் கேட்டறிய வேண்டும்.

தண்ணீரும் பாதையும் பத்திரத்தில் வர வேண்டும்

மண் பரிசோதனைக்கு மண் எடுக்கப் போகும் இடங்களில் நாங்கள் அடிக்கடி கேட்கும் வழக்கு, நிலத்தைப் பற்றியதாக இருப்பதில்லை. கிணற்றையும் பாதையையும் பற்றியதாகவே இருக்கிறது. ஆனி, ஆடிச் சாரலில் பார்த்தால் எந்த நிலமும் பச்சைப் பசேலென்றுதான் இருக்கும். அதே நிலத்தைச் சித்திரை, வைகாசியில் ஒரு முறை பாருங்கள். கிணற்றில் எத்தனை அடி தண்ணீர் நிற்கிறது, காருக்கும் பிசானத்துக்கும் மடைத் தண்ணீர் முறையாக வருகிறதா என்பது அப்போதுதான் தெரியும்.

கிணறு பொதுவானால், எத்தனை பங்கு, எத்தனை நாளுக்கு ஒரு முறை இறைப்பு என்பது தபசிலில் எழுதப்பட வேண்டும். மோட்டார், பம்பு அறை, குழாய், மின் இணைப்பு ஆகியவை கிரயத்தில் சேர்ந்தவையா என்பதும் தெளிவாக இருக்க வேண்டும். மின் இணைப்பு இறந்துபோன பாட்டனார் பெயரில் இருந்தால், பெயர் மாற்றத்துக்கு வேண்டிய ஒப்புதலைக் கிரயத்தின்போதே வாங்கிவிட வேண்டும். பிறகு எல்லாரையும் தேடிப் பிடிப்பது கடினம்.

வண்டியும் டிராக்டரும் அறுவடை இயந்திரமும் வயலுக்குள் போக வழி எது? பக்கத்தவர் வயல் வழியே போவதானால் அந்த வழிநடைப் பாத்தியமும், அதன் அகலமும், அது செல்லும் சர்வே எண்ணும் பத்திரத்தில் இருக்க வேண்டும். "எப்போதும் இந்த வழியாகத்தான் போவோம்" என்ற வாய்ச்சொல், பக்கத்து நிலம் கை மாறியவுடன் காற்றில் போய்விடும்.

ஒப்பந்தமும் பதிவும்

தமிழ்நாட்டில் 2012ஆம் ஆண்டு டிசம்பர் முதல், நிலம் விற்பதற்கான கிரய ஒப்பந்தத்தையும் பதிவு செய்ய வேண்டும். மொத்த விலை, முன்பணம், மீதி செலுத்தும் தேதி, வில்லங்கம் வெளிப்பட்டால் முன்பணத்தைத் திருப்பித் தர வேண்டும் என்ற நிபந்தனை ஆகியவை அதில் இருக்கட்டும். பணத்தை வங்கி மூலமே கொடுங்கள். அதுவே பிற்காலத்தில் சாட்சியாக நிற்கும்.

கிரயப் பத்திரத்தைப் பதிவுக்கு முதல் நாளே வாங்கி, தபசிலை ஒருவர் படிக்க இன்னொருவர் பட்டாவையும் மூலப் பத்திரத்தையும் வைத்துக்கொண்டு ஒப்பிட வேண்டும். கிராமத்தின் பெயர், சர்வே எண், உட்பிரிவு, பரப்பு, நான்கு எல்லை, உரியவர்களின் பெயரும் தகப்பனார் பெயரும் ஓர் எழுத்தும் பிசகாமல் இருக்க வேண்டும். ஓர் எண் தவறினால் பிழைதிருத்தப் பத்திரம் எழுத விற்றவர் மறுபடியும் வர வேண்டும்; வராவிட்டால் அல்லல்தான்.

பதிவு முடிந்தவுடன் வேலை முடிந்துவிட்டதாக இருந்துவிடாதீர்கள். பட்டா மாறுதல் நடந்ததா என்று பார்க்க வேண்டும். சர்வே எண்ணில் ஒரு பகுதியை மட்டும் வாங்கியிருந்தால், உட்பிரிவுக் கட்டணம் செலுத்தி, நில அளவர் அளந்து புது எண் கொடுத்த பிறகே தனிப் பட்டா வரும். பட்டாவும் அடங்கலும் உங்கள் பெயருக்கு வராத வரை, கூட்டுறவுச் சங்கப் பயிர்க்கடனுக்கும் பயிர்க் காப்பீட்டுக்கும் பழைய உடைமையாளரின் தயவை நாட வேண்டியிருக்கும். ஓர் ஆண்டு கழித்து மீண்டும் வில்லங்கச் சான்று எடுத்து, உங்கள் கிரயம் அதில் ஏறியிருப்பதையும் வேறு எதுவும் ஏறாததையும் உறுதி செய்துகொள்ளுங்கள்.

பத்திரங்களைப் பேணும் முறை

நெல்லைக் காயவைத்துக் குதிரில் போடுகிறோம். பத்திரத்தை மட்டும் மஞ்சள் பையில் சுருட்டிப் பரணில் போட்டுவிடுகிறோம். குற்றாலச் சாரலின் ஈரத்துக்குத் தாளும் மையும் எளிதில் கெடும். கரையானும் வெள்ளிப்பூச்சியும் தாளையே தின்னும். ஆகவே கீழ்க்கண்டவாறு செய்க.

1. பத்திரங்களை மடிக்காமல், தட்டையாக, ஒரு கெட்டி அட்டைக் கோப்பில் வைத்து, இரும்புப் பெட்டியில் வையுங்கள். பெட்டி தரையையோ சுவரையோ தொடாமல் பலகையின் மேல் இருக்கட்டும். ஆண்டுக்கு இரு முறை, சாரலுக்கு முன்னும் ஐப்பசி மழைக்குப் பின்னும் எடுத்து நிழலில் காற்றாட வைத்துத் திரும்ப வைக்க வேண்டும். வெயிலில் போடக் கூடாது, மை வெளுக்கும்.

2. வசம்புத் துண்டுகளைத் துணியில் முடிந்து பெட்டியின் மூலையில் போடலாம். ஏட்டுச் சுவடிகளுக்கு நம் முன்னோர் செய்த முறை இது. பாச்சை உருண்டை போட்டால் தாளைத் தொடாதவாறு தனியே வைக்க வேண்டும்.

3. அசல் பத்திரத்துக்குப் பிளாஸ்டிக் உறை ஒட்டும் லேமினேஷன் செய்யாதீர்கள். தாளின் முத்திரையையும் கையெழுத்தையும் பின்னர் பரிசோதிக்க முடியாமல் போகும். ஒட்டியதைப் பிரித்தால் தாளும் கிழியும்.

4. ஒவ்வொன்றுக்கும் இரண்டு ஜெராக்ஸ் எடுத்து, ஒன்றை வேறு ஊரில் உள்ள உறவினரிடம் வையுங்கள். கைப்பேசியில் படம் எடுத்துப் பிள்ளைகளிடமும் கொடுத்து வைக்கலாம். அன்றாட வேலைக்கு நகலையே பயன்படுத்துங்கள். அசலைத் தரகரிடமோ பத்திர எழுத்தரிடமோ விட்டுவிட்டு வராதீர்கள்.

5. தீர்வை ரசீது, மின் கட்டண அட்டை, பயிர்க்கடன் ரசீது, அடங்கல் நகல் ஆகியவற்றை ஆண்டு வாரியாக அடுக்கி வையுங்கள். நிலம் உங்கள் அனுபோகத்தில் இருக்கிறது என்பதற்கு இவையே சாட்சி. எந்திரத்தில் அச்சடித்த ரசீதுகளின் எழுத்து சில ஆண்டுகளில் மங்கிவிடும். உடனே ஜெராக்ஸ் எடுத்துச் சேர்த்து வையுங்கள்.

6. கடனுக்காக அசலை வங்கியில் கொடுத்தால், கொடுத்த ஆவணங்களின் பட்டியலில் அதிகாரியின் கையெழுத்து வாங்க வேண்டும். கடன் தீர்ந்ததும் அதே பட்டியல்படி எண்ணித் திரும்ப வாங்க வேண்டும். பதிவு செய்த அடமானமானால் ரத்து ரசீதையும் பதிவு செய்து, வில்லங்கச் சான்றில் ஏறியதா என்று பார்க்க வேண்டும்.

7. என்னென்ன பத்திரம், எங்கே இருக்கிறது என்று ஒரு நோட்டில் எழுதி, வீட்டுப் பெண்களுக்கும் வளர்ந்த பிள்ளைகளுக்கும் காட்டி வையுங்கள். குடும்பத் தலைவர் திடீரென்று மறைந்தால், பத்திரம் எங்கே என்றே தெரியாமல் திண்டாடும் குடும்பங்கள் பல.

அசல் தொலைந்துவிட்டால் தாமதிக்கக் கூடாது. உடனே காவல் நிலையத்தில் புகார் கொடுத்து, கண்டுபிடிக்க இயலவில்லை என்ற சான்று பெற்று, நாளிதழில் அறிவிப்புக் கொடுத்து, சார்பதிவாளர் அலுவலகத்தில் சான்றிட்ட நகல் வாங்கி, எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்து வைக்க வேண்டும்.

யாரிடம் யோசனை கேட்பது?

தரகர் கொண்டுவரும் வழக்கறிஞரைவிட நீங்களே தேடிப் போகும் வழக்கறிஞர் மேல். 30 ஆண்டுப் பத்திரங்களையும் வில்லங்கச் சான்றையும் அவரிடம் கொடுத்து, எழுத்து மூலம் கருத்துரை பெற வேண்டும். அதற்காகும் செலவு, நிலத்தின் விலையில் சிறு துளிதான். பெண்களும், தாழ்த்தப்பட்ட மற்றும் பழங்குடி மக்களும், குறைந்த வருமானமுள்ளோரும் 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி இலவச சட்ட உதவி பெறலாம். நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப் பணிகள் குழுவை அணுகினால் வழி சொல்லுவார்கள்.

சுருக்கமாகச் சொன்னால், மூலப் பத்திரம், வில்லங்கச் சான்று, பட்டா, புல வரைபடம், வயலில் உள்ள எல்லைக்கல் ஆகிய ஐந்தும் ஒரே நிலத்தை, ஒரே அளவைச் சொல்ல வேண்டும். உரிமையுள்ள அத்தனை பேரும் கையெழுத்திட வேண்டும். ஒன்று பிசகினாலும், பிசகு தீரும் வரை முன்பணம் கொடுக்க வேண்டாம். நிலம் ஒன்று போனால் இன்னொன்று வரும். உழைத்துச் சேர்த்த பணம் போனால் எளிதில் திரும்பாது. ஆகவே விவசாயப் பெருமக்கள், விதையைச் சோதிப்பதுபோல் பத்திரத்தையும் சோதித்து வாங்கி, விதைநெல்லைக் காப்பதுபோல் அதைக் காத்துவந்தால், தாம் உழுத நிலத்தைத் தம் பிள்ளைகளுக்குத் தகராறின்றி விட்டுச் செல்லலாம்.